நிலப்பனை பூத்த காலை

கோமதிநாயகம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறிப் பிழைத்தவர். கத்தரிக்காய் மூட்டையோ வாழைத்தாரோ, அவர் வாயைத் திறந்தால் சந்தையின் கடைசி வாசலில் நிற்கிற லாரிக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். அறுபதைத் தாண்டியதும் மகள் கட்டாயப்படுத்தி அவரை வீட்டில் உட்கார வைத்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு ஞானத்தின் மேல் ஆசை வந்தது.

மலையடிவாரத்தில், வாய்க்காலை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில் அக்காசாமி என்ற பெண் துறவி இருந்தார். அவருக்கு நாற்பது வயது இருந்தால் அதிகம். ஆனாலும் ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்காசாமிதான். கோமதிநாயகம் முதல்முறை போனபோது, தன் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண்ணை எப்படிக் கூப்பிடுவது என்று தடுமாறினார். பிறகு "சாமி" என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"சாமி, எனக்கு ஒரு உபதேசம் தரணும்."

அக்காசாமி தொட்டித் தண்ணீரில் கீரை அலசிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு?"

"கரையேறணும் சாமி."

"வீட்டுல தோட்டம் இருக்கா?"

"புறவாசல்ல கொஞ்சம் இடம் கிடக்கு."

அக்காசாமி ஈரக்கையோடு எழுந்து கட்டடத்தின் பின்னால் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. அதில் ஒரு பிடி மண். மண்ணுக்குள் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கிழங்கு.

"நிலப்பனை. நம்ம மலைச் செடிதான். தரையோட தரையா மஞ்சளாப் பூக்கும். வச்சுப் பாருங்க. பூத்ததும் வந்து சொல்லுங்க."

கோமதிநாயகத்துக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்டு வந்த இடத்தில் ஒரு வேர் கிடைத்திருக்கிறது. ஆனால் ஏலக்காரர் அல்லவா, முதலில் கேட்ட விலைக்கே அவர் என்றைக்கும் ஏலத்தை முடித்ததில்லை.

"சாமி, இது பூக்கிற வரைக்கும் நான் மௌன விரதம் இருக்கேன். என் முதல் வார்த்தையை உங்க முன்னாடி வந்துதான் பேசுவேன். அப்ப உபதேசம் தரணும்."

பக்கத்தில் இருந்த பிச்சையா நிமிர்ந்து பார்த்தார். அவர் அங்கே நெடுநாளாக இருக்கும் சீடர். அவர்கூட அப்படி ஒரு விரதம் இருந்ததில்லை.

"நான் அப்படிக் கேக்கலையே," என்றார் அக்காசாமி.

"நானா இருக்கேன் சாமி."

"வீட்டுல அம்மாவுக்குச் சிரமமா இருக்காதா?"

"அவளுக்கு வித்தியாசமே தெரியாது."

 அக்காசாமி கீரைக்குத் திரும்பிவிட்டார்.

*

வித்தியாசம் தெரியாது என்று அவர் சொன்னது உண்மைதான். அவர் மனைவி ஆவுடையம்மாள் அவரோடு பேசி வருஷக்கணக்காகிவிட்டது.

மகளுக்கு வளைகாப்பு நடந்த அன்று ஆரம்பித்தது அது. பந்தியில் ஆவுடையம்மாளின் தம்பி சிவசைலமும் உட்கார்ந்திருந்தான். எந்த வேலையிலும் ஒட்டாதவன். லேத்துப் பட்டறை, செல்போன் கடை, கோழிப்பண்ணை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அக்காள் வீட்டு விசேஷத்துக்குப் பழைய சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். யாரோ ஒருவர், "மச்சான் இப்ப என்ன பண்ணுதாரு?" என்று கேட்டார். கோமதிநாயகத்துக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் நாக்கு துறுதுறுத்தது. சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சிவசைலத்தின் தலைக்கு மேலே கையைத் தூக்கி, சந்தைக் குரலில் ஏலம் போட ஆரம்பித்தார்.

"நல்ல ஆளு, நயம் ஆளு! அழுகல் கொஞ்சம் உண்டு, பாத்து எடுத்துக்கிடணும்! யாருக்கு வேணும்? ஒரு தரம்... ரெண்டு தரம்..."

பந்தியே சிரித்தது. மூன்றாவது தரத்துக்கும் யாரும் கேட்கவில்லை என்று அவர் உதட்டைப் பிதுக்கிக் காட்டியபோது இன்னும் பெரிதாகச் சிரித்தது. சிவசைலமும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவினான். அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன், பிறகு அந்த வீட்டு வாசல் பக்கம் வரவே இல்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து ஆவுடையம்மாள் பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை. அழவும் இல்லை. சோறு வைத்தாள், துணி மடித்தாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் போட்டுத் தலைமாட்டில் வைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது. அவரும் ஒரு வாரம் பார்த்தார். "ஒரு விளையாட்டுக்குச் சொன்னதுக்கு இம்புட்டு வீம்பா" என்று அவரும் நிறுத்திவிட்டார். அவசியமான சேதி இருந்தால் இருவரும் தனித்தனியே மகளுக்குப் போன் போடுவார்கள்.

*

கொய்யா மரத்தின் அரை நிழலில், தண்ணீர் தேங்காத மேடாகப் பார்த்து, மணலும் சாணிப்பொடியும் கலந்து கிழங்கை நட்டார் கோமதிநாயகம். நட்ட நாளிலிருந்து வாயை மூடினார்.

முதலில் தெரு சிரித்தது. சந்தைக்காரர்கள் சிலர் வேண்டுமென்றே வந்து வம்புக்கு இழுத்துப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. மெல்ல மெல்லச் சிரிப்பு மரியாதையாக மாறியது. கடைத்தெருவில் போனால் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் 'மௌனசாமி' என்றார். கோமதிநாயகத்துக்கு உள்ளே தேனாக இருந்தது. கண்ணைக் கொஞ்சம் அரையாக மூடிக்கொண்டு நடக்கப் பழகினார்.

ஆனால் கிழங்கு மட்டும் அவரை மதிக்கவில்லை. வெயில் காலம் முழுக்க மண் மண்ணாகவே கிடந்தது. காலையில் ஒரு தடவை போய்ப் பார்ப்பார். காப்பி குடித்துவிட்டு ஒரு தடவை. மத்தியானத் தூக்கம் கலைந்ததும் ஒரு தடவை. செத்துவிட்டதோ என்று தோண்டிப் பார்க்கக் கை பரபரக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி விடுவார்.

மலையில் சாரல் இறங்கிய வாரம், ஒரு காலையில், மண்ணில் பச்சையாக ஓர் ஊசி நின்றது.

கோமதிநாயகம் துள்ளினார். உண்மையாகவே இரண்டு காலும் தரையை விட்டு எழும்பத் துள்ளினார். வேட்டி கொய்யாக் கிளையில் மாட்டிக்கொண்டது. அதை உருவிக்கொண்டு அடுக்களை வாசலுக்கு ஓடினார். ஆவுடையம்மாள் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அவர் வாயைத் திறந்தார். விரதம் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டார். அவள் அவருடைய முகத்தையும் சேறு அப்பிய கால்களையும் பார்த்தாள். பிறகு பாலைப் பார்க்கத் திரும்பினாள்.

அவ்வளவு பெரிய சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கூடத்துக்கும் புறவாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. பனங்கன்றைச் சுருக்கிச் சுருக்கி உள்ளங்கையில் வைத்தாற்போல இருந்தது செடி. பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டால் பொழுது போவதே தெரியவில்லை. இலை நுனியில் சாரல் கோத்து நிற்பதைப் பார்ப்பார். பேச்சு இல்லாததால் காதுக்கு ஏதேதோ கேட்டது. ஆவுடையம்மாள் மாவு அரைக்கும்போது ஏதோ ஒரு பாட்டை முனகுவாள் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. எழுந்ததும் அவள் இருமுவதும் தெரியாது. இத்தனை வருஷமும் தன் குரலே அந்த வீட்டை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு, செடியைச் சுற்றி முளைத்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தவர் புறவாசலில் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த வீட்டுக் கோழிகள் மேட்டையெல்லாம் கிளறிப் போட்டிருந்தன. ஆனால் செடி இருந்த இடத்தின் மேல் ஒரு பழைய மூங்கில் கூடை கவிழ்ந்து கிடந்தது. கூடையின் மேல் கனத்துக்கு ஒரு செங்கல். தூக்கிப் பார்த்தார். செடி ஓர் இலைகூட ஒடியாமல் இருந்தது. அடிமண்ணை யாரோ விரலால் அணைத்து அழுத்திவிட்டிருந்தார்கள்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

அடுக்களைப் பக்கம் பார்த்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை எப்படி இருந்ததோ அப்படியே கவிழ்த்து, செங்கலையும் வைத்தார்.

*

ஆவணி பிறந்த சமயம், இலைகளின் அடியில், மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஒரு மொட்டு தெரிந்தது. மேலெல்லாம் பூனை மயிர் போல மெல்லிய ரோமம். கோமதிநாயகத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் மொட்டு கொஞ்சம் நிமிர்ந்தது. அதற்கு மறுநாள் அதன் நுனியில் மஞ்சளாக ஒரு கோடு.

விடிந்தும் விடியாமலும் புறவாசலுக்குப் போனார். சாரல் அப்போதுதான் விட்டிருந்தது. செங்கலை எடுத்தார். கூடையைத் தூக்கினார்.

பூத்திருந்தது.

ஆறு இதழ். வானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் விழுந்து, விழுந்த இடம் பிடித்துப்போய் அங்கேயே இருந்துவிட்டது போல. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஆனால் அந்த ஈரத் தோட்டம் முழுக்க வேறு நிறமே இல்லாததுபோல அது ஒன்றே எரிந்தது.

"ஏ ஆவுடை! ஆவுடை! பூத்துட்டு! ஓடியா! ஏ, பூத்துட்டு!"

பல மாதம் பூட்டிக் கிடந்த ஏலக் குரல். கொய்யா மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாக எழும்பின. அடுத்த வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

ஆவுடையம்மாள் ஓடி வந்தாள். முட்டங்கை வரை தோசை மாவு. என்னவோ ஏதோ என்று பதறி வந்தவள், அவர் கை காட்டிய இடத்தைப் பார்த்தாள். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மாவுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தரையோடு தாழ்த்தினாள்.

"எம்மாடி," என்றாள். "எம்புட்டு அழகா இருக்கு!"

கோமதிநாயகமும் எதிரில் உட்கார்ந்தார்.

"ஆறு இதழ் பாத்தியா?"

"ஆமா."

"நேத்து சாயங்காலம் மொட்டாத்தான் இருந்துச்சு."

"நானும் பாத்தேன். நீங்க குளிக்கப் போனதும் வந்து பாத்தேன்."

"கோழி கிண்டாம கூடையைக் கவுத்துனது..."

"வேற யாரு? நாந்தான்." அவள் சிரித்தாள். கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. "எங்க ஊர்ல மலைக்குப் போற பாதை முழுக்க இதுதான். மழை பேஞ்சா ரெண்டு பக்கமும் மஞ்சளாக் கிடக்கும். மிதிக்காமப் போகணும்னு ஒத்தக்கால்ல தாவித் தாவிப் போவோம். என் தம்பி..."

கோமதிநாயகம் விருட்டென்று எழுந்தார்.

"ஐயையோ, நான் பேசிட்டேனே! விரதம் போச்சே!"

சட்டைகூடப் போடவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கவாட்டுச் சந்து வழியாகத் தெருவுக்கு ஓடினார். ஆவுடையம்மாள் மாவுக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

*

வாய்க்கால் கரை முழுக்க அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார். ஒரு கணம் பூவை நினைத்துச் சிரிப்பு வந்தது. மறுகணம் விரதத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கோலத்தில் மௌனசாமியைப் பார்த்த ஒன்றிரண்டு பேர் வழிவிடுவதா கூப்பிடுவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

அக்காசாமி முற்றத்தில் கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பிச்சையா விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"சாமி!" என்று காலடியில் விழுந்தார் கோமதிநாயகம். "பூத்துட்டு சாமி! ஆனா எல்லாம் கெட்டுப்போச்சு!"

அக்காசாமி முறத்தைக் கீழே வைத்தார். அவர் காதில் முதல் பாதிதான் விழுந்ததுபோலிருந்தது.

"பூத்துட்டா? எப்ப?"

"இன்னைக்குக் காலையில சாமி. விடியும்போது."

"தரையோட ஒட்டியா?"

"ஒட்டி. மண்ணுலேர்ந்தே வந்தாப்புல."

"இதழ் ஆறும் விரிஞ்சிருந்துச்சா?"

"ஆறும் விரிஞ்சிருந்துச்சு சாமி! அடிப்பக்கம் ரோமம். நடுவுல..." கோமதிநாயகம் மண்டியிட்டு உட்கார்ந்து கைகளால் பூவை விரித்துக் காட்டினார். "நடுவுல மகரந்தம் ஒண்ணொண்ணாக் குச்சி நட்ட மாதிரி. இந்தத் தட்டாம்பூச்சி மஞ்சள் இல்ல, அது வேற. இது... எப்படிச் சொல்ல?"

"சொல்லுங்க, சொல்லுங்க," என்றார் அக்காசாமி. அவருடைய கண்களும் விரிந்திருந்தன. "இங்க இந்த வருஷம் ஒண்ணுகூடப் பூக்கலை."

அதைக் கேட்டதும் கோமதிநாயகத்துக்குப் பெருமை பொங்கியது. உடனே அது வடிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா என் முதல் வார்த்தை உங்க முன்னாடி இல்லையே சாமி. அங்கேயே கத்திட்டேன்."

"என்னன்னு?"

"ஆவுடைன்னு."

பிச்சையா கோடரியை மரத்தில் சாத்தினார். "அப்ப விரதம் முறிஞ்சுபோச்சு. மறுபடி முதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிக்கேன் சாமி. இன்னொரு கிழங்கு குடுங்க. இந்தத் தடவை வீட்டுல வைக்கலை, இங்கனயே வைக்கேன். இங்கயே இருந்துடுதேன்."

அக்காசாமி பிச்சையா பக்கம் திரும்பவில்லை. கோமதிநாயகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டதும் அந்த அம்மா வந்தாங்களா?"

"ஓடியாந்தா. மாவுக் கையோட."

"பேசினாங்களா?"

"பேசினா சாமி. அழகா இருக்குன்னா. கூடையைக் கவுத்தது நாந்தான்னா." அவருடைய குரல் தாழ்ந்தது. "சிரிச்சா."

"அப்புறம்?"

"அவங்க ஊர் மலைப்பாதை முழுக்க இந்தப் பூதானாம். சின்ன வயசுல ஒத்தக்கால்ல தாவித் தாவிப் போவாங்களாம்."

"அப்புறம்?"

"அப்பத்தான் எனக்கு விரதம் ஞாபகம் வந்துச்சு. எந்திரிச்சு ஓடியாந்துட்டேன்."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"அதான் சாமி, அவ சொல்லிக்கிட்டிருக்கும்போது."

"என்ன சொல்லும்போது?"

கோமதிநாயகம் துண்டின் நுனியைத் திருகினார்.  பிச்சையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காசாமி கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"'என் தம்பி'ன்னு சொல்லும்போது," என்றார் கோமதிநாயகம் கடைசியில்.

சொன்ன பிறகு அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் துடைத்து முடிந்தும் துண்டை இறக்கவில்லை. அதற்குள்ளிருந்தே பேசினார்.

"பந்தியில வச்சு நான் ஒண்ணு சொன்னேன் சாமி. அவன் பாதி இலையில எந்திரிச்சுப் போனான். சிரிச்சுக்கிட்டே போனான்."

 அக்காசாமி முறத்தை எடுத்து மீதி அரிசியைப் புடைத்தார். உமி காற்றில் போயிற்று. அரிசியைப் பானையில் கொட்டிவிட்டு, கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"போங்க."

"உபதேசம் சாமி?"

"அந்த அம்மா சொல்லிக்கிட்டிருந்ததைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கீங்க. போய் மீதியைக் கேளுங்க."

கோமதிநாயகம் எழுந்தார். நாலு எட்டு போனவர் நின்று திரும்பினார்.

"மீதி என்னைப் பத்தி இருந்தா?"

"முழுசாக் கேளுங்க," என்றார் அக்காசாமி.